எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும்

அத்தியாயம் 2

ஆங்கில அட்சரங்கள் 26-ஐயும் ஒரே மூச்சில் ஒப்பித்து முடிக்கும் சிறுவனொருவன், அவற்றுள் மூன்றைச் சேர்த்துப் பலகையில் எழுதிக் காட்டிய மாத்திரத்தில் வாயடைத்து நிற்பதை நம் கடலூர் மாவட்டத்து வேப்பூர் வட்டாரத்தில் மட்டுமன்று, தமிழ் வழங்கும் எந்த ஊரிலும் காணலாம். இதைக் கண்டு பிள்ளைக்குப் புத்தி மட்டு என்று பெற்றோர் வருந்துவதும், ஆங்கிலம் ஒழுங்கற்ற பாஷை என்று பெரியோர் தீர்ப்புச் சொல்வதும் உண்டு. இரண்டும் நியாயமல்ல. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில ஒலிகளிற் பெரும்பான்மை முன்பே நாவில் பழகியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதற்கு வேண்டிய கருவிகளும் தமிழ் இலக்கணம் கற்பித்த முதற் பாடங்களிலேயே அவன் கைக்கு வந்துவிட்டன. அக்கருவிகளைப் புதிய பாஷைக்குப் பயன்படுத்தும் விதத்தைப் பெற்றோருக்கும், தொடக்க வகுப்பு ஆசிரியருக்கும், வயது வந்தபின் ஆங்கிலம் கற்கப் புகுந்தோருக்கும் எடுத்துச் சொல்வதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

1. பெயர் வேறு, ஒலி வேறு

தமிழில் 'க' என்னும் எழுத்தின் பெயரும் க, ஒலியும் க. ஆங்கிலத்தில் அவ்வாறில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வேப்பூர்ச் சந்தைக்கு வரும் ஆட்டுக்கு ஆடு என்பது பெயர். அது எழுப்பும் ஒலியோ 'மே'. அதுபோலவே எச் என்பது ஓர் எழுத்தின் பெயர். சொல்லுக்குள் அது எழுப்புவது ஹகர ஒலி. டபிள்யூ என்று நீளமாக அழைக்கப்படும் எழுத்து, சொல்லுக்குள் இதழைக் குவித்துச் சொல்லும் ஒரு வகரமாகவே ஒலிக்கிறது. பெயரை மட்டும் அறிந்த பிள்ளை, பூனையைக் குறிக்கும் சொல்லைக் கண்டால் 'சி, ஏ, டி' என்று மூன்று பெயர்களைச் சொல்லுமேயன்றி, 'கேட்' என்று படிக்க அதற்கு வழி தெரியாது. ஆகவே முதல் நியமம் இது: எழுத்தைக் காட்டும்போது ஒலியை முன்னும் பெயரைப் பின்னும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பெயரைச் சொல்லும்போதும் ஒரு சிறு ஜாக்கிரதை தேவை. எகரத்தில் தொடங்கும் சொற்களுக்கு முன் ஒரு யகரச் சாயலைச் சேர்ப்பது நம் பேச்சு வழக்கு. எட்டு என்பதை 'யெட்டு' என்கிறோம். அந்தப் பழக்கத்தால் எம், என், எஸ் என்பவை 'யெம், யென், யெஸ்' ஆகிவிடுகின்றன. நாவைக் கீழே தளரவிட்டுத் தொடங்கினால் இக்குறை நீங்கும்.

2. புள்ளி தரும் உதவி

மெய்யொலியைத் தனித்துச் சொல்லிப் பழகுவது ஆங்கிலப் பிள்ளைகளுக்கே சிரமம் தருவது. க் என்று நிறுத்தாமல் 'க' என்றோ 'கு' என்றோ அவர்கள் இழுப்பதைத் திருத்துவதே அந்நாட்டு ஆசிரியர்களுக்குப் பெரும்பாடு. அவர்கள் எழுத்தில் அந்த நிறுத்தத்தைக் காட்டும் குறியில்லை. நமக்கோ தொல்காப்பியர் காலந்தொட்டே மெய்க்குப் புள்ளியுண்டு. க் + அ = க என்று உயிர்மெய்யைக் கூட்டக் கற்ற பிள்ளை, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் வித்தையை ஏற்கெனவே கற்றுவிட்டது. ஆகவே ஆங்கில மெய்களின் ஒலியைக் கற்பிக்கும்போது ஒவ்வொன்றின் கீழும் புள்ளியெழுத்தைத் தமிழில் எழுதிக் காட்டுவதில் வெட்கப்பட வேண்டியதில்லை. எம்முக்கு ம், என்னுக்கு ன், எல்லுக்கு ல், ஆருக்கு ர், எஸ்ஸுக்கு ஸ் என்று எழுதி, புள்ளியிலேயே ஒலியை நிறுத்திச் சொல்லிப் பழக்குக.

இப்பழக்கம் மற்றொரு தொல்லையையும் தீர்க்கும். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. குற்றியலுகரம் வந்து தாங்கும். அதனால் பஸ் 'பஸ்ஸு' ஆகிறது, லைட் 'லைட்டு' ஆகிறது. சொல்லின் முதலில் இரு மெய்கள் சேர்ந்து வந்தால் ஓர் இகரத்தைத் துணைக்கழைத்து 'இஸ்கூல்' என்கிறோம். பேச்சில் இவை பெருங்குற்றமல்ல. ஆனால் எழுத்துக்கூட்டும்போது பிள்ளை தன் காதுக்குக் கேட்ட உகரத்துக்கும் இகரத்துக்கும் ஓரெழுத்து எழுதிவிடுகிறது.

3. ஓர் எழுத்தில் இரண்டு ஒலி

தமிழரின் எழுத்துப்பிழைகளுக்கு ஆதார காரணம் இங்கேதான் இருக்கிறது. பெரிது என்னும் பொருளுடையதும், பன்றியைக் குறிப்பதும், பறித்தலைக் குறிப்பதுமான மூன்று வேறு ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'பிக்' என்றே முடியும். எழுத்தின் பெயர்களிலேயே இக்குழப்பம் உண்டு: வரிசையில் இரண்டாவது எழுத்தும் பி, பதினாறாவதும் பி, நான்காவது எழுத்தும் டி, இருபதாவதும் டி. எனவே இந்நூல் முழுவதிலும் இரண்டாம் பி, பதினாறாம் பி, நான்காம் டி, இருபதாம் டி என்று எண்ணிட்டே குறிப்பிடுவோம்.

எழுத்தில் வேற்றுமை இல்லையென்றால் ஒலியிலும் இல்லையென்று கருதலாகாது. 'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். முதலிலுள்ள பகரம் மூச்சொலியாக வெடிக்கிறது. மகர மெய்யை அடுத்த பகரம் தொண்டையின் அதிர்வோடு பிறக்கிறது. விரலை மிடற்றில் வைத்துச் சொன்னால் அவ்வதிர்வு தெரியும். முதலாவது பதினாறாம் பி. அடுத்தது இரண்டாம் பி. ஒரே சொல்லில் இரண்டையும் பிழையின்றிச் சொல்லும் நாவுக்குப் புதிதாகக் கற்பிக்க ஒன்றுமில்லை. கண்ணுக்கு இரண்டு வடிவங்களைக் காட்டுவதே எஞ்சிய வேலை. மற்ற இணைகளும் அவ்வாறே:

வட்டி என்பதிலுள்ள டகரம் இருபதாம் டி. வண்டி என்பதிலுள்ளது நான்காம் டி.
சக்கரம் என்பதிலுள்ள ககரம் கே. சங்கு என்பதிலுள்ளது ஜி-யின் வன்மையான ஒலி.
பச்சை என்பதிலுள்ள சகரம் சி-யும் எச்சும் சேர்ந்த ஒலி. பஞ்சு என்பதிலுள்ளது ஜே.

இரட்டித்தால் அதிர்வில்லை, மெல்லினத்தை அடுத்தால் அதிர்வுண்டு என்பதை இத்தமிழ்ச் சொற்களைக் கொண்டே பிள்ளை தானாகக் கண்டுகொள்ளும். இதற்கு மாறாக, தமிழில் வேர் இல்லாத ஒலிகள் சிலவே. எஃப் என்பதற்கும் வி என்பதற்கும் மேற்பற்கள் கீழுதட்டைத் தொட வேண்டும். டபிள்யூவுக்குப் பல் வேலை செய்யாது, இதழ் மட்டும் குவியும். இஸட் என்பது எஸ்ஸின் ஒலியோடு மிடற்றதிர்வைக் கூட்டியது. இவற்றைக் கண்ணாடி முன் நின்று பழகுவது நலம்.

4. ஐந்து உயிர்களும் ஈற்று ஈ-யும்

ஆங்கிலத்தில் உயிரெழுத்துக்கள் ஐந்துதான். ஒலிகளோ மொத்தம் சுமார் 44, அவற்றுள் ஏறக்குறைய 20 உயிரொலிகள். 26 எழுத்துக்கள் இத்தனை ஒலிகளைச் சுமக்க வேண்டியிருப்பதனாலேயே கூட்டெழுத்துக்களும் நியமங்களும் தோன்றின. முதலில் குறிலொலிகளை மட்டும் கற்பிக்க வேண்டும். ஈ என்ற எழுத்தின் குறிலொலி எகரம். ஐ என்பதன் குறிலொலி இகரம். யூ என்பதன் குறிலொலி பெரும்பாலும் அகரம், கப், பஸ் என்பவற்றிற்போல. புட், புஷ் முதலிய சில சொற்களில் உகரம். ஏ என்ற எழுத்தின் குறிலொலிக்குத் தமிழில் நேரான எழுத்தில்லை; அதனாலேயே ஒரே சொல்லைப் பாங்க் என்றும் பேங்க் என்றும் எழுதுகிறோம். ஆகாரத்துக்குத் திறப்பதுபோல் வாயைத் திறந்து, நாவை ஏகாரத்துக்கு வைப்பதுபோல் வைத்தால் அவ்வொலி பிறக்கும். ஓ என்பதன் குறிலொலி ஆகாரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே நிற்பது. டாக்டர், காலேஜ் என்று ஆகாரமிட்டு நாம் எழுதுவது ஒருவாறு பொருந்தும்.

குறில் பழகியபின் ஈற்று ஈ-யைக் கற்பிக்கலாம். கே, ஐ, இருபதாம் டி என்பவை சேர்ந்தால் கிட். அவற்றின் இறுதியில் ஓர் ஈ-யைச் சேர்த்தால் கைட், அதாவது காற்றாடி. பின் என்பது பைன் ஆவதும், ஹாப் ஹோப் ஆவதும், கட் க்யூட் ஆவதும் இவ்விதமே. ஈற்றிலுள்ள ஈ தான் ஒலிக்காமல், இடையே ஒரு மெய்யைத் தாண்டி, முன்னுள்ள உயிரைத் தன் பெயரையே ஒலிக்கச் செய்கிறது. ஒலிக்காத எழுத்து எட்ட நின்று எவ்வாறு வேலை செய்யும் என்று பிள்ளை கேட்டால், 'கொ' என்று எழுதிக் காட்டுக. ககரத்துக்கு முன்னே கொம்பு, பின்னே கால். இரண்டும் சேர்ந்து ஒகரமாகிய ஒரே ஒலியைக் குறிக்கின்றன. எழுதிய இடமும் ஒலிக்கும் இடமும் ஒன்றல்ல. இதை ஐந்து வயதில் ஏற்றுக்கொண்ட தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் ஈற்று ஈ ஓர் அதிசயமாகத் தோன்றாது. கிவ், ஹேவ், லவ் முதலிய சொற்களில் ஈற்று ஈ இருந்தும் உயிர் நீளவில்லையே என்றால், ஆங்கிலச் சொற்களை வி என்ற எழுத்தில் முடிப்பது அப்பாஷையின் வழக்கமல்ல; அங்கே ஈ வந்தது அந்த வழக்கத்தைக் காப்பதற்கே என்று விளக்குக.

5. சி, ஜி என்னும் இரண்டு எழுத்துக்கள்

வேப்பூரிலிருந்து கிழக்கே விருத்தாசலம் செல்வோர் அந்நகரில் செராமிக் என்ற சொல்லைத் தாங்கிய பலகைகளைப் பல இடங்களிற் பார்க்கலாம்; செராமிக் தொழிற்பேட்டையும் அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அங்கே இருக்கின்றன. அச்சொல்லை ஆங்கிலத்தில் எழுத ஏழு எழுத்துக்கள்: சி, ஈ, ஆர், ஏ, எம், ஐ, சி. தொடக்கத்திலும் முடிவிலும் நிற்பது ஒரே எழுத்து. ஆயினும் முன்னது ஸகரமாகவும் பின்னது ககர மெய்யாகவும் ஒலிக்கின்றன. காரணம் அடுத்து நிற்கும் எழுத்தில் இருக்கிறது. சி-யை அடுத்து ஈ, ஐ, ஒய் என்னும் மூன்றில் ஒன்று வந்தால் ஸகரம், மற்றெங்கும் ககரம். சொல்லின் மூலமாகிய கிரேக்கத்தில் அது ககரத்திலேயே தொடங்கியது. ஆங்கிலத்தில் இந்த நியமத்துக்கு உட்பட்டு ஸகரமாயிற்று. சைக்கிள் என்பதையும் எழுதிப் பாருங்கள்: முதற் சி-யை அடுத்து ஒய், ஆகவே ஸகரம், அடுத்த சி-க்குப் பின் எல், ஆகவே ககரம். சிமெண்ட், சிட்டி, சென்ட்ரல் ஆகியவை ஒரு கட்சி. காபி, கலெக்டர், கார் ஆகியவை மறு கட்சி.

ஜி-யும் இதே மூன்றெழுத்துக்களுக்கு முன் ஜகரமாக மெலியும். ஜெம், ஜிம் என்பவை உதாரணம். ஆனால் கெட், கிவ், கேர்ள் முதலிய அன்றாடச் சொற்கள் சில இதற்கு அடங்குவதில்லை. அவற்றை ஒரு சிறு ஜாபிதாவாக எழுதி மனனம் செய்துவிடுவதே உத்தமம். சி-யின் நியமமோ ஏறக்குறைய எங்கும் பிசகாது.

6. கூட்டெழுத்துக்கள்

எஸ்-எச் ஷகரம்; சி-எச் பெரும்பாலும் 'பச்சை'யிலுள்ள சகரம்; பதினாறாம் பி-யும் எச்சும் சேர்ந்தால் எஃபின் ஒலி, போட்டோ என்பதிற்போல; சி-கே என்பது குறிலுக்குப் பின் வரும் ககரம். இவற்றைக் கடந்து, இருபதாம் டி-யும் எச்சும் சேர்ந்த கூட்டெழுத்திற் சற்றுத் தங்க வேண்டும். அதற்கு ஒலிகள் இரண்டு. 'அது' என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவிலுள்ள தகரத்தில் நா பல்லை அழுத்தாமல் மென்மையாக உரசுகிறதல்லவா? அந்தத் தகரமே 'இது' என்று சுட்டும் ஆங்கிலச் சொல்லின் முதலொலி. மெலிந்த என்னும் பொருளுடைய தின் என்ற சொல்லிலோ, நாநுனி மேற்பல்லை லேசாகத் தொட, அதிர்வின்றிக் காற்று மட்டும் கசிய வேண்டும். நம்மவர் பெயர்களை எழுதும்போது தகரத்துக்கு இக்கூட்டெழுத்தையே பயன்படுத்துகிறோம். முத்து என்பதில் நாம் கருதும் ஒலியும் ஆங்கிலேயர் படிக்கும் ஒலியும் சிறிது வேறுபடும் என்பதை நினைவிற் கொள்க.

7. இரட்டை மெய்யும் ஊர்ப் பெயர்களும்

பட்டர், ரப்பர், டின்னர் என்று தமிழில் நாம் மெய்யை இரட்டித்துச் சொல்கிறோம். ஆங்கிலேயர் அவ்விடங்களில் ஒரே மெய்யைத்தான் ஒலிக்கிறார்கள். அங்கே இரட்டித்த எழுத்து, தனக்கு முன்னுள்ள உயிர் குறில் என்று அறிவிக்கும் அடையாளம் மாத்திரமே. உணவைக் குறிக்கும் டின்னரில் ஓர் என்னை நீக்கிவிட்டால் அது டைனர், அதாவது உண்பவர், ஆகிவிடும்.

இந்நியமத்தை அறிந்தோர்க்கு ஊர்ப் பலகைகள் ஒரு நல்ல பாடசாலை. நம் மாவட்டத்தின் தலைநகராகிய கடலூரை அடுத்து, 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் கோட்டையொன்றை விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். அவர்கள் கடலூர் என்ற பெயரைத் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள்: ககர அகரத்துக்குக் கட் என்பதிலுள்ள யூ, அது குறிலாகவே நிற்க நான்காம் டி இரண்டு, ஊர் என்பதற்கு ஓ, ஆர், ஈ. வேப்பூரோ தமிழெழுத்தைப் பார்த்து எழுதப்பட்டது; ப்ப என்று இருப்பதனால் பதினாறாம் பி இரண்டு. விளைவு என்னவென்றால், தமிழறியாத ஆங்கிலேயர் ஒருவர் திருச்சி நெடுஞ்சாலையில் அப்பலகையைக் கண்டால், பெப்பர் என்பதைப் படிக்கும் பழக்கத்தால் நம் ஊரை 'வெப்பர்' என்றே படிப்பார். உளுந்தூர்பேட்டையின் ஆங்கில வடிவத்து இறுதியும் அவருக்குச் செல்லப் பிராணியைக் குறிக்கும் பெட் என்றே தோன்றும். விருத்தாசலம் வடமொழி உச்சாரணத்தைத் தழுவி ஒருவகையாகவும், தமிழ் உச்சாரணத்தைத் தழுவி வேறு வகையாகவும் எழுதப்பட்டு வருகிறது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இசைய மாற்றி வெளியிட்ட ஆணை, பல திசையிலிருந்தும் எழுந்த ஆட்சேபத்தால் அம்மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. காதைப் பின்பற்றுவதா, எழுத்தைப் பின்பற்றுவதா, வழக்கத்தைப் பின்பற்றுவதா என்னும் வழக்கு அத்தனை எளிதில் தீர்வதன்று.

இதிலிருந்து கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடங்கள் இரண்டு. ஊர்ப் பெயர், ஆட்பெயர்களைக் கொண்டு தொடக்கத்தில் ஒலி நியமங்களைக் கற்பிக்கலாகாது. இரண்டாவது, பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் எவ்வாறு எழுதினீர்களோ அதே எழுத்துக்களைப் பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் வழுவாமல் எழுதுக. ஓர் எச் கூடியதற்காகவோ குறைந்ததற்காகவோ பின்னாளில் அலுவலகம் அலுவலகமாக அலைவோர் அநேகர்.

8. ஒலிக்காத எழுத்துக்கள்

கத்தியைக் குறிக்கும் நைஃப் என்ற சொல்லின் முதலில் ஒலிக்காத கே ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் அது ஒலித்தது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவிய பின்னர் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துகொண்டு வர, உயிரொலிகளும் மெய்களும் மக்கள் வாயில் மாறிக்கொண்டே சென்றன. 1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தபோது எழுத்து பெரும்பாலும் நிலைத்துவிட்டது. கடனைக் குறிக்கும் டெட் என்பதிலுள்ள இரண்டாம் பி-யோ என்றுமே ஒலித்ததில்லை. லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் புலவர்கள் புகுத்தியது அது. அவர்கள் என்று எழுதி 'அவங்க' என்று பேசும் நாம் இதற்காக ஆங்கிலத்தைப் பரிகசிக்க நியாயமில்லை.

9. கற்பிக்கும் கிரமம்

1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789 முதல் எழும்பூரில் சிறுவர் அநாதாசிரமத்தை மேற்பார்வையிட்டார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்ட அவர், ஆங்கில அட்சரங்களையும் அவ்வாறே கற்பிக்கத் தீர்மானித்தார். ஆசிரியர்கள் இணங்காமற்போகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனைக் கொண்டே கீழ் வகுப்புக்குப் பாடம் நடத்தினார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கையின் மூலம் அது மதராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணையிலிருந்து சென்ற முறையை நாமே கைவிட வேண்டியதில்லை. மணல் தட்டும், ஒலியைச் சொல்லிக்கொண்டே வரையும் விரலும் இன்றும் சிறந்த உபகரணங்கள். விருத்தாசலம் பக்கத்தில் களிமண்ணுக்கும் பஞ்சமில்லை. ஒரு குச்சியும் அதன் அடியில் ஒரு வட்டமுமாகக் களிமண்ணில் ஒரே வடிவம் செய்து கொடுங்கள். அதைத் திருப்பியும் கவிழ்த்தும் வைக்கும்போது சிற்றெழுத்தில் இரண்டாம் பி, நான்காம் டி, பதினாறாம் பி, கியூ ஆகிய நான்கும் தோன்றுவதைப் பிள்ளை கையாலேயே உணர்ந்து, அவற்றைக் குழப்பிக்கொள்வதை விட்டுவிடும்.

எழுத்துக்களை அகரவரிசையில் கற்பிக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை. எஸ், ஏ, இருபதாம் டி, பதினாறாம் பி, ஐ, என் ஆகிய ஆறில் தொடங்குவது பல பள்ளிகளில் வழங்கும் முறை. இவ்வாறைக் கொண்டே உட்காருதல், ஊசி, தகரம், தட்டுதல் முதலியவற்றைக் குறிக்கும் சொற்களை முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம். இங்கிலாந்தில் 2006-இல் ஜிம் ரோஸ் சமர்ப்பித்த அறிக்கையும் ஒலிகளைக் கூட்டி வாசிக்கும் முறையையே தொடக்கத்துக்குச் சிபாரிசு செய்தது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ், கணிதத்தோடு ஆங்கிலமும் அடங்கும். பள்ளியில் நடந்த பாடத்தை வீட்டில் ஒலிமுறையாகச் சொல்லிப் பார்ப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி.

அப்பியாசங்கள்

1. பம்பரம், வண்டி, சங்கு, பஞ்சு ஆகிய நான்கையும் மிடற்றில் விரல் வைத்துச் சொல்லி, அதிர்வுள்ள மெய்யைக் கோடிட்டு, அதற்குரிய ஆங்கில எழுத்தை எழுதுக.

2. மேற்சொன்ன ஆறு எழுத்துக்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, மும்மூன்றாகச் சேர்த்துப் புள்ளியொலியோடு கூட்டி வாசிக்கச் செய்க. பொருளற்ற சேர்க்கையையும் வாசிக்கட்டும். மனப்பாடமா வாசிப்பா என்பது அப்போதுதான் தெரியும்.

3. கிட், பின், ஹாப், கட் ஆகியவற்றுக்கு ஈற்று ஈ சேர்த்து, முன்னும் பின்னும் உரக்கச் சொல்லச் செய்க.

4. கடைத்தெருப் பலகைகளிலிருந்து சி என்ற எழுத்துள்ள பத்துச் சொற்களைப் பிள்ளையே எழுதி வரட்டும். ஒவ்வொன்றிலும் அடுத்த எழுத்தைப் பார்த்து, ஸகரமா ககரமா என்று இரு பத்திகளாகப் பிரிக்கச் செய்க. நியமத்துக்கு அடங்காதது ஒன்று கிடைத்தால் அதற்குப் பரிசு கொடுக்கலாம்.

5. பிள்ளை தானாக எழுதிய சொல்லில் ஒலி சரியாயிருந்து எழுத்து மட்டும் பிழைத்திருந்தால், முழுச் சொல்லையும் அடிக்காமல் பிழைத்த எழுத்தை மட்டும் வட்டமிட்டு, சரியானதை மேலே எழுதுக. காதால் கேட்டு எழுதத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு எஞ்சியது பழக்கம் ஒன்றே. அதற்கு நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும்.